பறக்கும் காரில் ஏறாத பூசணிக்காய்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் அது வருகைப் பதிவுக்கு மட்டும்தான் உதவியது.

அவளுடைய அம்மா லாரி மெக்கானிக். வீட்டை ஒட்டிய பட்டறையில் பகலெல்லாம் லாரிகளைப் பழுது பார்ப்பார். மிச்ச நேரத்தில் ஒரு கார் செய்தார். சும்மா ஓடுகிற கார் இல்லை, பறக்கும் கார்! அதற்குத் தும்பி என்று பெயர் வைத்திருந்தார்.

தும்பிக்கு நாலு பக்கமும் நீண்ட கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு பெரிய காற்றாடி. சக்கரமும் உண்டு, ஆனால் பட்டறையிலிருந்து பக்கத்து மைதானம் வரை உருட்டிக்கொண்டு போகத்தான். சாலையில் இறக்கினால் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

வானத்தில் போகிற வண்டிக்கு எடை கூடவே கூடாது. அதனால் தும்பியில் ஏறுகிற எதுவும் முதலில் பட்டறைத் தராசில் ஏற வேண்டும். ஆளானாலும் சரி, ஆணியானாலும் சரி. எடை பார்க்கும் பொறுப்பு மகளுடையது. அந்த வேலையில் அவள் படு கறார்.

"அம்மா, பாக்கெட்ல மறுபடியும் ஸ்பேனர் இருக்கு. எடுத்து வெச்சுட்டு ஏறுங்க."

"சின்ன ஸ்பேனர்தானே, தங்கம்!"

"சின்னதோ பெரிசோ, எடை எடைதான்."

அப்புறம் அவளுக்குத் தராசு என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

இன்று தும்பிக்குக் கடைசிச் சோதனை. அடர்ந்த மீசையும் மடக்குக் குடையுமாக ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டால், அம்மா இன்னும் பல தும்பிகள் செய்து வீடுகளுக்குக் கொடுக்கலாம். இல்லை என்றால் இத்தனை வருட உழைப்பையும் தார்ப்பாய் போட்டு மூடி, மூலையில் நிறுத்த வேண்டியதுதான். காலையிலிருந்து அம்மா தும்பியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இது பறக்கும்னு போன தடவையே பார்த்துட்டேன்," என்றார் அதிகாரி. "தினப்படி ஒரு குடும்பத்துக்கு உதவுமா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கணும். சாதாரணமா எங்க போவீங்களோ, அங்க கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன், பாப்பாவும் வரட்டும்."

"சந்தைக்குப் போய்ட்டு வரலாம் சார்," என்றார் அம்மா.

முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கைதான் உண்டு. பின்னால் இன்னொன்று. முன்னால் கண்ணாடி முழுசாக வானம் தெரியும். பின்னால் கையகலச் சன்னல்தான்.

"போகும்போது சார் முன்னாடி. வரும்போது நீ முன்னாடி. சரியா?" என்று அம்மா காதோடு சொன்னார். தராசு தலையை ஆட்டிய வேகத்தில் ரிப்பனே அவிழ்ந்துவிட்டது. இந்த முன்னிருக்கைக்காக அவள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள்!

எல்லோரும் எடை பார்த்து ஏறி உட்கார்ந்தபோது, அடுக்களையிலிருந்து அப்பா ஒரு பையோடு ஓடி வந்தார்.

"சந்தைக்குத்தானே போறீங்க? அப்படியே காய் வாங்கிட்டு வந்துடுங்க. வீட்ல ஒண்ணுமே இல்ல. சாரும் மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பிடணும்!"

அம்மா திடுக்கிட்டார். காற்று, மழை, பறவை என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் அவர் தும்பியைச் செய்திருந்தார். காய்கறியை மட்டும் யோசிக்கவே இல்லை! சந்தைக்கு எப்போதும் சைக்கிளில் போய்வருவது அப்பா. அம்மாவுக்குச் சந்தை எந்தப் பக்கம் என்பதே வானத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"ஆகா, இதுதானே சாதாரணம்!" என்று அதிகாரி பையை வாங்கிக்கொண்டார்.

காற்றாடிகள் சுழன்றன. மைதானத்துப் புல் எல்லாம் தரையோடு படுத்துக்கொண்டது. தும்பி மெல்ல எழுந்தது. தராசு கையகலச் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள். அவர்கள் தெரு, மொட்டை மாடித் துணிகள், பள்ளிக்கூடத்து மணி எல்லாம் கீழே நழுவிப் போயின. சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. மேலே இவர்களுக்குக் குறுக்கே வர ஒரு காக்கைகூட இல்லை.

"அடேயப்பா!" என்றார் அதிகாரி.

அம்மாவின் கைகள் ஸ்டியரிங்கை அத்தனை லேசாகப் பிடித்திருந்தன. எப்போதும் கிரீஸ் படிந்திருக்கும் அதே கைகள்தான். என் அம்மா எவ்வளவு பெரிய ஆள் என்று தராசுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சந்தைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் தும்பி பூப்போல இறங்கியது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் வாங்க ஆரம்பித்தார்களே, அங்கேதான் வந்தது வினை!

உருளைக்கிழங்கு அழகாக இருக்கிறது என்று அம்மா அள்ளினார். அதிகாரி தன் பங்குக்கு வெங்காயம் அள்ளினார். கடைசியில், "முழுசாத்தான் தருவேன், வெட்டித் தர மாட்டேன்," என்று கடைக்காரர் ஒரு பூசணிக்காயை அவர்கள் தலையில் கட்டிவிட்டார். ஒரு கைக்குழந்தை அளவு இருந்தது அது.

ஏறினார்கள். தராசு ஆசை ஆசையாக முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். அம்மா பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றாடிகள் அசையவில்லை.

"எடை கூடிடுச்சு சார்," என்றார் அம்மா மெதுவாக. "கூடினா கிளம்பாத மாதிரி நான்தான் செஞ்சு வெச்சேன்."

"அது நல்ல ஏற்பாடுதான்," என்றார் அதிகாரி. "ஆனா, காய் வாங்கினா வீட்டுக்குத் திரும்ப முடியாதுன்னா எப்படிம்மா? காயை வழியிலயே விட்டுட்டு வர முடியுமா?"

அம்மா தலை குனிந்து, ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தார். அழுகை வந்தால் அம்மா இப்படித்தான் எதையாவது துடைப்பார் என்பது தராசுக்குத் தெரியும்.

அவள் முன்னால் விரிந்திருந்த வானத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றினாள்.

"சார், எங்க எதிர் வீட்டு மாமாகிட்ட ஸ்கூட்டர் இருக்கு. சாமான் நிறைய வாங்கினா, அத்தை பஸ்ல வருவாங்க. மாமா சாமானோட ஸ்கூட்டர்ல வருவாரு. அதுக்காக ஸ்கூட்டர் உதவாத வண்டின்னு யாராவது சொல்றாங்களா?"

அதிகாரி மீசையைத் தடவினார். "யாரும் சொல்றதில்லையே!"

"அப்போ தும்பியும் அப்படித்தான். நான் பஸ்ல வரேன். தினமும் நான் ஸ்கூலுக்குப் போற பஸ்தான் அது."

"வேண்டாம் தங்கம்," என்றார் அம்மா. "முன்னாடி உட்காரணும்னு எவ்வளவு ஆசையா இருந்தே!"

"சிவப்பு விளக்குக்கு அதெல்லாம் தெரியாதும்மா," என்று தராசு குதித்து இறங்கினாள்.

அதிகாரி முன்னால் வந்து உட்கார்ந்தார். பையைப் பின்னால் கட்டிவைத்தார்கள். பூசணிக்காயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எப்படிப் பெல்ட் போட்டாலும் உருண்டது.

"இதுக்கு இடுப்பே இல்லையே!" என்று அதிகாரி திணறினார்.

"உருளுற எதையும் நான் மேல கொண்டுபோக மாட்டேன்," என்றார் அம்மா.

"கொடுங்க, அதுவும் என்னோடயே வரட்டும்," என்றாள் தராசு.

பச்சை விளக்கு எரிந்தது. தும்பி மெல்ல எழ ஆரம்பித்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, தராசு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஏறினாள்.

"பூசணிக்காய்க்கும் டிக்கெட் எடுக்கணுமா அக்கா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"சேட்டை பண்ணினா எடுக்கணும். சமர்த்தா உன் மடியில உட்கார்ந்தா வேண்டாம்," என்றார் கண்டக்டர் அக்கா.

அப்போது சன்னல் பக்கம் ஒரே கூச்சல். "அங்க பாரு, கார் பறக்குது!" பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது.

"யாரோ கொடுத்து வெச்சவங்கப்பா," என்றார் கண்டக்டர் அக்கா.

"அது எங்க அம்மா செஞ்சது," என்றாள் தராசு. பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னாள்.

பஸ் நின்று நின்று ஊர்ந்து வந்தது. அவள் வீடு வந்து சேர்ந்தபோது உருளைக்கிழங்கு வெந்தே போயிருந்தது. அதிகாரி வாசலில் காத்திருந்தார்.

"என்ன சார், தும்பி பாஸா?"

"குடும்பம் முழுசும் வீடு வந்து சேரட்டும்னு காத்திருந்தேன். காயும் வந்தாச்சு, நீயும் வந்தாச்சு." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "இது எல்லா வேலைக்கும் ஆகாதும்மா. வண்டின்னு இருந்தா ஒரு அளவு இருக்கத்தான் செய்யும். ஆனா அந்த அளவைத் தானே தெரிஞ்சு வெச்சிருக்கிற வண்டியை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அருமையான வண்டி. பாஸ்!"

அம்மா தராசை அப்படியே தூக்கிச் சுற்றினார். பூசணிக்காயை அப்பா தாவிப் பிடித்தார்.

சாப்பிட்டுவிட்டு அதிகாரி கிளம்பிப் போனார். வெயில் தாழ்ந்ததும் அம்மா பட்டறைக் கதவைத் திறந்தார்.

"வா, முன்னாடி ஏறு. நாம ரெண்டு பேர் மட்டும்தான்."

"முதல்ல எடை பார்க்கணும்!"

அம்மாவின் பாக்கெட்டிலிருந்து வழக்கம்போல ஒரு ஸ்பேனர் வெளியே வந்தது. பிறகு தராசு ஏறி நின்றாள். முள்ளைப் பார்த்து அம்மா சிரித்தார்.

"என்னடி, காலையில இருந்ததைவிடக் கூடியிருக்கே?"

"மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே!"

தும்பி எழுந்தது. கண்ணாடி முழுக்க வானம். கீழே அதே பஸ் ஊர்ந்து போனது. தராசு இரண்டு கைகளையும் ஆட்டினாள். காலையில் பெல்ட்டுக்கு அடங்காமல் உருண்ட பூசணிக்காயில் ஒரு நல்ல பங்கு, இப்போது அவள் வயிற்றுக்குள் சமர்த்தாக உட்கார்ந்து வானத்தில் போய்க்கொண்டிருந்தது.