கேட்காமல் ஆட்டிய தலை

வாசலில் நின்றவள் என்னவோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். கழுத்தைச் சாய்த்திருந்த விதத்திலேயே தையல்காரருக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் வெயில் அவள் முதுகுக்குப் பின்னால் அடித்ததால் உதட்டைப் படிக்க முடியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது.

"ஆமா, சரி" என்று தலையாட்டினார்.

மூன்று வருடமாக அவர் பிழைப்பே இந்தத் தலையாட்டலில்தான் ஓடுகிறது. டாக்டர் கொடுத்த காது மெஷின் பட்டன் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் 'செவிட்டு டெய்லர்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் அந்த அசிங்கம் வேண்டாம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை, கவனமில்லாத மனுஷன் என்று அவள் திட்டுவது எவ்வளவோ தேவலை.

வந்தவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். வாளியில் பல நாள் ஊறிய துணியின் வாடை அவள் பின்னாலேயே போனது. உள்ளறையில் மகள் காய்ச்சலோடு தூங்குகிறாள். ஏழு வயது. மனைவி அனுப்பிய நர்ஸாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். "யாரும்மா நீங்க, என்ன கேட்டீங்க?" என்று பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். 'இப்பத்தானே சொன்னேன், காது கேக்கலையா?' என்று திருப்பிக் கேட்பாள். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரே காலரைத் தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார்.

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. வாடை கூடிக்கொண்டே வந்தது. கதவுக்குக் கீழே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஏதோ நின்றது. அசையவில்லை. அவருக்கு வேர்த்தது. ஆனாலும் எழவில்லை.

வேலை முடிந்து மருந்தோடு வந்த மனைவி எதிரே நின்று ஏதோ கேட்டாள். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இப்போது உதடு தெளிவாகத் தெரிந்தது.

"எதுக்குங்க தலையாட்டுறீங்க? உள்ள பாப்பாகூட யாரு பேசிட்டிருக்காங்கன்னு கேக்குறேன்!"

"தெரியலம்மா. ஒருத்தி வந்தா... என்னமோ கேட்டா. சரின்னுட்டேன்." கையிலிருந்த காலரைக் கீழே வைத்தார். "எனக்குக் காது கேக்காதும்மா. மூணு வருஷமாச்சு."

கூனிக்குறுகிப் போனார். அவள் நின்று பார்க்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

கட்டில் காலி. போர்வை கழுத்துவரை இழுத்து மூடியபடியே, உள்ளே ஆளில்லாமல் சப்பையாகக் கிடந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. வேறு வாசல் கிடையாது.

வெறுங்காலுக்கு அடியில் தரை அதிர்ந்தது.

ஒரு கனத்த காலடி. பக்கத்திலேயே ஒரு சின்ன அடி. மண்டியிட்டு உள்ளங்கையைப் பதித்தார். தரைக்கும் கீழே. இன்னும் கீழே. இறங்கிக்கொண்டிருந்தன.

"பாப்பா!"

சின்ன அடி நின்றது.

பதில் சொல்கிறாளா? அவருக்கு எப்படித் தெரியும்?

"ஏதாவது கேக்குதா? சொல்லும்மா, என்ன சொல்றா?"

நிமிர்ந்து பார்த்தார். மனைவி இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.