கழுவிக் கவிழ்த்த கோப்பை

சிங்கள ஆமி இரண்டு மாதம் குந்தியிருந்துவிட்டுப் போன வீட்டுக்கு அன்னபூரணம் திரும்பி வந்தது தொண்ணூறாம் ஆண்டு மார்கழியில். வேலணையில் அந்த ஒழுங்கையில் வேறு ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கூட வந்த தம்பி சிவகுரு, துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“அக்கா, இஞ்சை இருக்க ஏலாது. வாங்கோ, யாழ்ப்பாணத்துக்கே போவம்.”

“நான் போனால் பிள்ளை வந்து ஆரைத் தேடுவான்?”

சொன்னால் கேட்கிற மனுசியா அவள்!

பிள்ளை என்றால் குகதாசன். ஒரே மகன், இயக்கத்துக்குப் போனவன். ஆவணிச் சண்டையில் செத்துப்போனான், உடம்பு கிடைக்கவில்லை என்று இயக்கப் பெடியள் வந்து சொன்னார்கள். “உடம்பு இல்லாமல் என்ன சாவு?” என்று அவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினாள். அந்தியேட்டிக் கிரியையும் செய்யவில்லை, படத்துக்கு மாலையும் போடவில்லை. அவனுடைய நீலக்கரை இனாமல் சோற்றுக் கோப்பையை மட்டும் ஓடிய இடமெல்லாம் சீலைக்குள் சுற்றிக் காவித் திரிந்தாள். வந்த அன்றே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சாப்பிட்ட கோப்பைக்குள்ளையே கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போற எருமை. வரட்டும், இந்தமுறை அவனைக்கொண்டே கழுவுவிக்கிறன்.”

மழை விட்டு வெயில் எறித்த மூன்றாம் நாள், சரியாக உச்சிப்பொழுதில், கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற துலா கிறீச்சிட்டது.

காற்று இல்லை. வாழையிலைகூட ஆடவில்லை.

எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. வாளி மட்டும் தளும்பத் தளும்பக் கிணற்றுக்கட்டில் இருந்தது. கட்டிலிருந்து குசினி வாசல்வரை தண்ணீர் சொட்டிய தடம். ஈர மண் மணத்துக்குள் வேறு ஒரு மணமும் வந்தது, தோல் ஊறின மணம்.

“பிள்ளை ஒளிச்சு வந்திருக்கிறான்,” என்று தம்பியின் காதுக்குள் சொன்னாள். “ஆருக்கும் மூச்சு விடாதை.”

சோறும் மீன்குழம்பும் வேறு ஒரு கோப்பையில் போட்டு வாசலில் வைத்தாள். நீலக்கரைக் கோப்பை, அவன் முகத்தைக் காட்டி உள்ளே வந்திருந்து சாப்பிடுகிற நாளுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தாள்.

திறந்தபோது கோப்பை வாசலில் இல்லை. கிணற்றுக்கட்டில் இருந்தது. சாம்பல் போட்டு மினுக்கிக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

அவளுடைய முகம் கறுத்துப்போனது.

“தம்பி, இது என்ர பிள்ளை இல்லை.”

“ஏனக்கா?”

“அவன் எப்பவடா கோப்பை கழுவினவன்?”

தண்ணீர்த் தடம் கிணற்றையும் தாண்டி வாழைகளுக்குப் பின்னால் போனது. அங்கே மண் உள்வாங்கிக் கிடந்தது. சிவகுரு மண்வெட்டியால் இரண்டு தரம் கொத்தினான்.

சப்பாத்து.

சப்பாத்துக்குள் கால்.

பக்கத்தில் கயிற்றில் கோத்த தகடு ஒன்று, சிங்கள எழுத்தோடு. கூட இருந்தவர்கள் அவசரத்தில் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“இவங்கள்தானே எங்கடை பிள்ளையைத் திண்டவங்கள்! கிண்டியெடுத்துக் கடலிலை எறிவம், அக்கா.”

இவர்களுக்கு மண் அள்ளித் தூற்றித் திட்டியவள்தான் அன்னபூரணம். இன்றைக்கு அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குகதாசனின் கால் அளவுதான் இருக்கும்.

“மூடு. இவன்ர தாயும் படலையைப் பாத்துக்கொண்டுதான் இருப்பாள்.”

அன்றிலிருந்து மத்தியானத்தில் அவனுக்கு ஒரு கோப்பை சோறு. பயம் போகவில்லை, துலா கிறீச்சிடும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனாலும் அதற்குள் ஒரு வெட்கம்கெட்ட சந்தோஷம். செத்தவன் வருகிறான். என் பிள்ளை வரவில்லை. அப்படியென்றால் அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் துலா கிறீச்சிட்டது.

பிறகு இன்னொரு தரம்.

கதவைத் திறந்தாள். கிணற்றுக்கட்டில் ஆமிக்காரனின் கோப்பை, வழக்கம்போலக் கழுவிக் கவிழ்த்தபடி.

அதற்குப் பக்கத்தில் நீலக்கரைக் கோப்பை.

அலுமாரித் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் இருந்தது.

“தம்பி...” கிட்டப் போய்க் குனிந்தாள்.

நீலக்கரைக் கோப்பை கழுவப்படவில்லை. நாலைந்து பருக்கை மிதக்க, அதற்குள்ளேயே கை கழுவிய தண்ணீர் இருந்தது. தண்ணீர் இன்னும் ஆடி ஓயவில்லை.