பேராவூரணி வானம் மூடியிருக்கிறது

காலை ஐந்தரைக்குக் காபியை ஆற்றிக்கொண்டே வான்தாளைத் திறப்பது என் இருபத்தெட்டு வருடப் பழக்கம். பல் விளக்காமல்கூட இருந்திருக்கிறேன், வான்தாள் பார்க்காமல் தட்டானை எடுத்ததில்லை. தட்டான் என்றால் இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்விமானம். அரசாங்கக் காகிதத்தில் அதற்குத் 'தனியார் குறுவிமானம்' என்று பெயர். அப்படி யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு எங்கெங்கே பறக்கக் கூடாது என்பதுதான் வான்தாள். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி எப்போதும் போலச் சிவப்பு. பழனிப் பக்கம் திருவிழாவுக்காக மூன்று கிலோமீட்டர். கரூரில் ஒரு கல்யாண வீடு, மணப்பாறையில் ஒரு துக்க வீடு. இதையெல்லாம் விரலால் தள்ளிவிட்டுக் கிழக்கே போனேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து பேராவூரணிக்கு நேர்கோட்டில் ஒரு மணி நேரம். கோட்டின் நுனியில் அந்த வட்டம் இன்றைக்கும் இருந்தது.

'பேராவூரணி, மேலத்தெரு. ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வான் மூடல், காலை ஆறு முதல் மாலை நான்கு வரை. கோரியவர்: தையல்நாயகி. காரணம்: குடும்பம். தொடர் நாள்: முப்பத்து மூன்று.'

தையல்நாயகி என் சம்பந்தி. என் மகள் நிறைமதியின் மாமியார். அந்த வீட்டில்தான் என் மகளும், பிறந்து முப்பத்தைந்து நாளான என் பேரனும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு அரைமணி நேரம் அவனைக் கையில் வாங்கியதோடு சரி. அவர்கள் வீடு திரும்பிய மறுநாளே அந்த அம்மாள் வானத்தை மூடிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை.

சட்டம் எளிது. தட்டான்கள் பெருகி, நாளெல்லாம் தலைக்கு மேல் ரீங்காரம் தாங்காமல் ஜனங்கள் தெருவில் இறங்கிய காலத்தில் வந்தது. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு அமைதி நாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு மேலே வானம் மூடியிருக்கும். நாலு மணிக்கு மேல் ஆபீஸும் கல்லூரியும் விட்டு ஊரே பறப்பதால், அதற்கு மேல் மூட அரசாங்கத்துக்கே மனம் வரவில்லை. உங்கள் நாளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தவர் பெயர் வான்தாளில் அச்சாகும்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்திக்கு முப்பத்து மூன்று நாள் என்றால் முப்பத்து மூன்று பேர் தங்கள் வருடத்தின் ஒரே நாளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாவு மில்காரர், தபால்காரர், எதிர்வீட்டு டெய்லர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். தினம் ஒரு பெயர். எனக்கு அப்படிக் கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருநாள் யோசித்தேன். என் தட்டானைக் கழுவுகிறவன் கொடுப்பான், கெஞ்சினால். அப்படி என்ன பெரிய மகராசி அவள்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எந்தக் காலத்திலும் அதுதானே வழக்கம்? ஏழாம் மாதம் நான் கூப்பிடப் போனபோது நிறைமதி தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நீ எப்பவும் மேலேயே இருப்ப. அத்தை வீட்லயே இருக்காங்க" என்றாள். சொன்னது அவ்வளவுதான். திரும்பி வரும்போது தட்டானில் வாய்விட்டு அழுதேன். அந்த உயரத்தில் கேட்க யார் இருக்கிறார்கள்?

அவள் அப்பா போனபோது அவளுக்கு நாலு வயது. வாடகைக்கு ஆள் ஏற்றி, மருந்து ஏற்றி, பூ ஏற்றிப் பறந்துதான் அவளை வளர்த்தேன். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். நான் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டுவாள். நூறு தட்டான் போனாலும் என்னுடையதைக் கண்டுபிடித்துவிடுவாள். எந்த அம்மாவுக்குக் கிடைக்கும் அந்த வரவேற்பு? தன் அமைதி நாளை ஒரு வருடம்கூட அவள் எடுத்ததில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட, "வேணாம்மா, வானம் திறந்தே கெடக்கட்டும், நீ வரணும்ல" என்பாள்.

இப்போது போன் செய்தால் சம்பந்திதான் எடுக்கிறாள். "தூங்குறா சம்பந்தி. முழிச்சதும் பேசச் சொல்றேன்." பேசுவதில்லை. ஒருமுறை பின்னாலிருந்து நிறைமதியின் குரல் ஏதோ கேட்டது. அதற்கு இவள், "பாப்போம் தாயி, பாப்போம்" என்றாள். தாயி! என் பெண்ணைக் கூப்பிட அவளுக்கு ஒரு செல்லப்பெயர் வேறு. போனை வைத்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்கக் கரித்துக்கொட்டினேன்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு ஆட்டோவில் போயிருக்கலாம்தான். நாலு மணிக்கு மேல் பறந்தும் போயிருக்கலாம். ஏன் போக வேண்டும்? வராதே என்று வானத்தையே பூட்டி வைத்திருக்கிறாள். அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாக நுழைகிறவள் இல்லை இந்த வேதவல்லி.

அன்று காலை, கடைசி வரிக்கு வந்தேன். 'இன்றைய நாளைக் கொடுத்தவர்: நிறைமதி.'

காபி ஆறியதே தெரியவில்லை. எனக்காகத் திறந்து வைத்த நாள். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து யாருக்கும் கொடுக்காத நாள். அதையும் வாங்கிக்கொண்டாளா அவள்? கேட்டு வாங்கினாளா, இவளே எடுத்து நீட்டினாளா? எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

வான்தாளின் அடியில் 'ஆட்சேபம்' என்று ஒரு பொத்தான் உண்டு. பொய்க் காரணம் சொல்லி வானத்தை மூடுகிறார்கள் என்று ஒரு விமானி சந்தேகப்பட்டால் அழுத்தலாம். அழுத்தினால் மூடல் நீங்கும், விசாரணை நடக்கும். மூடியவர் உண்மைக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரனும் துக்க வீட்டுக்காரனும் பொய் சொல்லுவானா என்ன? ஏழு மணிக்கு அழுத்தினேன். காரணம் கேட்ட இடத்தில் 'என்னைத் தடுக்கும் உள்நோக்கம்' என்று எழுதினேன். எழுதியபோது மனசுக்கு இதமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஏழரைக்கு வட்டம் சிவப்பிலிருந்து பச்சையானது. நான் குளித்து, பேரனுக்கு வாங்கி வைத்த வெள்ளி அரைஞாணையும் காப்பையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டுச் சேலை கட்டினேன். நேராக அவள் தலைக்கு மேலேயே போய் இறங்குவது என்று முடிவு. எட்டரைக்கு வான் அறிவிப்பு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பல வருடமாக இருக்கும் சலீமா.

"வேதவல்லி மேடம், உங்க ஆட்சேபத்துக்குப் பதில் வந்திருச்சு. டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கு. படிச்சுக் காட்டணும்னு விதி. படிக்கட்டுமா?"

"படிங்க. என்ன கதை சொல்லியிருக்கான்னு பாப்போம்."

சலீமா படித்தாள். "என் மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கமில்லை. கண் அசந்தால் தட்டான் சத்தம் கேட்டு எழுந்து மாடிக்கு ஓடுகிறாள். அம்மா வருகிறாள் என்கிறாள். ஒருநாள் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு ஓடினாள். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். மாடிக் கதவைப் பூட்டினால் தலையால் முட்டுகிறாள். சத்தம் இல்லாவிட்டால் தூங்குகிறாள். தூங்கினால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அதனால் ஊரில் எல்லாரிடமும் நாள் கேட்டு வாங்கினேன். தான் ஓடுவது அவளுக்கே தெரிந்து, நேற்று தன் நாளையும் கொடுத்தாள்."

நான் பட்டுச் சேலையோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம்," என்றாள் சலீமா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அந்த அம்மா நீங்களா?"

"ஆட்சேபத்தை எடுத்துடுங்க சலீமா. உடனே மூடுங்க."

"எடுத்துடலாம். ஆனா ஆட்சேபம் விழுந்தா அன்னைக்கிக் கொடுத்த நாள் காலி மேடம், சட்டம் அப்படி. இப்ப வானம் தெறந்துதான் இருக்கு. முப்பது நாளா சுத்திப் போனவங்க எல்லாம் அந்த வழியாத்தான் போய்க்கிட்டிருக்காங்க. மூடணும்னா வேற யாராவது இன்னைக்கு நாள் கொடுக்கணும்."

"என்னுது இருக்குல்ல?"

"நீங்க எடுத்ததே இல்லியே மேடம்."

"இப்ப எடுக்குறேன்."

வட்டம் மறுபடி சிவப்பாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்து மூன்றாம் நாள், கொடுத்தவர்: வேதவல்லி. அந்த வானத்தை எனக்கு நானே மூடிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தட்டானை எடுத்துத் தள்ளிப் போய் இறங்கியிருக்கலாம். விரைவில் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் அந்தச் சத்தத்தோடு அவள் இருக்கும் திசைக்குப் போக எனக்குக் கை வரவில்லை. ஏழரையிலிருந்து அந்த ஒரு நிமிடம்வரை எத்தனை தட்டான் போனதோ, அவள் எத்தனை முறை மாடிக்கு ஓடினாளோ. பஸ்ஸில் ஐந்தரை மணி நேரமும் அதையேதான் எண்ணிக்கொண்டு வந்தேன். திண்டுக்கல்லில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று என்று இரண்டு பஸ் மாறினேன்.

பேராவூரணியில் இறங்கும்போது மணி மூன்றேகால். மேலத்தெருவில் அப்படி ஓர் அமைதி. மாவு மில்கூட ஓடவில்லை. தையல்நாயகி வாசலில் நின்றிருந்தாள். நான் நினைத்த மகராசி இல்லை. கண் உள்ளே போயிருந்தது, நைட்டியில் பால் கறை. தோளில் என் பேரன்.

"வாங்க சம்பந்தி. ஒங்க பேரைப் பாத்தேன். அப்பவே நெனச்சேன் வருவீங்கன்னு" என்றாள். காலையில் வானம் திறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நெற்றியில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது. மாடிப்படியில் ஓடும்போது இடித்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா பறக்குறதை விட்டுருவா, அவளுக்கு அது ஒண்ணுதானே இருக்குன்னு அழுதா. நா என்ன செய்ய?"

என்னைப் பற்றி அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாத ரகசியம் என் பெண்ணுக்கும் இவளுக்கும். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அதற்கும் எரிந்தது எனக்கு. என்ன ஜென்மமோ நான்.

உள்ளறையில் நிறைமதி தூங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாரி, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. நான் கடைசியாக அவளுக்கு எப்போது பின்னல் போட்டேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்ததும் முதலில் என்னைத்தான் பார்ப்பாள். அதற்காகவே நகராமல் இருந்தேன். சம்பந்தி உள்ளே எட்டிப் பார்த்தபோது, இப்போது இவள் வர வேண்டாம், இந்த ஒரு தடவை நான்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு மணி ஆனது. நாலு மூன்றுக்கு மேற்கிலிருந்து முதல் ரீங்காரம் கேட்டது.

நிறைமதியின் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டது. கண் திறந்தது. என் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "நிறை, அம்மா வந்துட்டேன்டா" என்றேன். அவள் என்னைத் தாண்டிக் கூரையைப் பார்த்தாள். "அம்மா வர்றா" என்று சொல்லிவிட்டு எழுந்து, என் முழங்காலை இடித்துக்கொண்டு படியேறி ஓடினாள்.

நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். சம்பந்திதான் அவசரப்பட்டாள். "என் கையில புள்ள இருக்கு, நீங்க போங்க சம்பந்தி! பின்னால நின்னு இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்குங்க. கூப்புடாதீங்க, இழுக்காதீங்க. நீங்க இங்க வந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது இப்ப. முழுசா முழிச்சதும் சரியாயிருவா. ஓடுங்க!"

ஓடினேன். முழங்கால் உயரச் சுவரில் கால் படும்படி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள் என் பெண். நாலு வயதில் ஆட்டிய அதே மாதிரி. பின்னால் போய் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். எலும்பு கைக்குத் தட்டியது. தலைக்கு மேலே மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று, யாரோ ஒரு காலேஜ் பையன், எங்களைப் பார்க்காமலே கடந்து போனான்.

இருபத்தெட்டு வருடத்தில் நான் யார் யாரைப் பார்த்தோ பொறாமைப்பட்டிருக்கிறேன். கீழே நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்த பெண்களை எல்லாம் பார்த்து, இந்த முப்பத்தைந்து நாளும் தையல்நாயகியைப் பார்த்து. அவர்கள் யாரும் இல்லை. மேலே இருந்துகொண்டு, வருகிறேன் வருகிறேன் என்று இரைந்துகொண்டே போனாளே ஒருத்தி, அவள்தான் என் பெண்ணை மொத்தமாக எடுத்துக்கொண்டாள். அவளுக்காகத்தான் இவள் இப்போதும் கையாட்டுகிறாள். நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறைமதி கையை இறக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த என் கைமேல் தன் கையை வைத்து, பழக்கமான கையைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டினாள்.

"இது எங்க அம்மா இல்ல அத்தை. இது வேற சத்தம். அடுத்தது பாப்போமா?"

மேற்கே இன்னும் நாலைந்து புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. என் வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன்.

"பாப்போம் தாயி," என்றேன். "பாப்போம்."