எட்டாவது பாத்தி

போன் அலறியது!

குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்து எடுத்தான். மறுமுனையில் மனைவியின் அக்கா. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் காளான்காரி.

"மாப்பிள்ளை, ஒரு நல்ல சேதி. உங்க பங்க் மண்ணு சுத்தமாயிடுச்சு. பன்னெண்டு பாத்தியிலயும் துளி டீசல் நெடி இல்ல."

"அப்படியாக்கா..."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். அப்போ மோப்ப நாயை நாளைக்குத் திரும்பக் கூட்டிட்டு வரேன்னுட்டார். போன தடவை அது நெடி தாங்காம தும்மிக்கிட்டே ஓடிருச்சில்ல? என் தங்கச்சி கடைசியா அந்த பங்க்குக்குத்தானே வந்தா..."

போனை வைத்தவன் தலை துவட்டவும் மறந்து நின்றான்.

மறக்காமல் என்ன செய்வான்? அவளை எட்டாவது பாத்திக்குக் கீழே புதைத்தவனே அவன்தானே!

எல்லாம் கச்சிதமாகத்தான் செய்திருந்தான், படுபாவி. மூடிக் கிடந்த அந்த பெட்ரோல் பங்க் அவனுடையது. பூமிக்குள் இருந்த டேங்க் ஓட்டையாகி, வருஷக்கணக்கில் டீசல் கசிந்து, புல் பூண்டு முளைக்காத மண். என்னிடம் விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் காளான்காரி. வைக்கோலில் வளர்த்த காளான் விதையை மண்ணோடு பிசைந்து பாத்தி கட்டினாள். வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடி டீசலைத் தின்றுவிடும், அப்புறம் செடி வைக்கலாம் என்றாள். அவன் உள்ளுக்குள் சிரித்தான். காளானாவது, டீசலைத் தின்பதாவது!

பாத்தி கட்டிய அதே வாரம் வேறொருத்தி விஷயம் மனைவிக்குத் தெரிந்துபோனது. பங்க்குக்கே வந்து சண்டை போட்டாள். கழுத்தை நெரித்தான். புதிதாய்க் கிளறிய மண். நாயையே விரட்டும் நெடி. இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? எவனோடோ ஓடிவிட்டாள் என்று மாமனார் வீட்டில் அழுதும் காட்டினான்.

இப்போது அந்த நெடியைத்தான் காளான் தின்று தீர்த்திருந்தது.

சாயங்காலம் ஒரு கேன் டீசலோடு பங்க்குக்குப் போனான். யாருமில்லை. நெடி திரும்பினால் நாய் திணறும், அவ்வளவுதான். பயம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடும் இல்லையா? எட்டாவது பாத்தியில் கேனைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினான்.

காலையில் இன்ஸ்பெக்டர் அவனையும் வரச் சொல்லியிருந்தார். மண்வெட்டியோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். காளான்காரி ஒவ்வொரு பாத்தியாகக் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தினமும் அவள் முதலில் செய்கிற வேலை அது. பங்க் பக்கமே தலை காட்டாதவனுக்கு எப்படித் தெரியும்?

எட்டாவது பாத்தியில் அவள் கை நின்றது. வைத்திருந்த நாற்றெல்லாம் துவண்டு கிடந்தது.

"சார்... இங்க." குரல் உடைந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து மதியம் இது நல்ல மண்ணா இருந்துச்சு. இப்ப புது டீசல். இந்த ஒரு பாத்தியில மட்டும். ஏன் மாப்பிள்ளை?"

"ஜெனரேட்டருக்கு எடுத்துட்டுப் போனேன்... கை தவறிக் கொட்டிருச்சு."

"ஜெனரேட்டர் வாசல்ல இருக்கு. இது கடைசி மூலை."

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். மண்வெட்டிகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

காளான்காரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கயாடி கிடந்தே... தினமும் உன் மேலயே தண்ணி ஊத்தினேனேடி..."

யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. அந்த அழுகைக்கு என்ன சொல்லித் தேற்றுவது?

விலங்கு மாட்டும்போது அவன் வாசல் கேட்டைப் பார்த்தபடி முனகினான்.

"நாய்... நாய் எங்க சார்?"

"வெறும் சந்தேகத்துக்கு இவ்வளவு பெரிய இடத்தைத் தோண்ட முடியுமா? அதான் நாய் வருதுன்னு அந்தம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன்." இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பை நோக்கித் தள்ளினார். "அது ரிட்டயராகி ரெண்டு மாசம் ஆச்சுய்யா. பரவாயில்ல... அதோட வேலையை நீயே பார்த்துட்டியே!"