அனுமதி இல்லை ரிஸ்மா!

"நிறுத்துலே...! மெஷினை நிறுத்துலே...!"

அலறல் காற்றில் கரைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆரல்வாய்மொழி. பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. ஐந்தாம் நம்பர் காற்றாலை.

பழுது பார்க்க உச்சிக்கு ஏறிய அஜின், இறக்கைகளைப் பூட்டும் இரும்பு ஊசியை இன்னும் மாட்டியிருக்கவில்லை. அசையாமல் நின்ற இறக்கைகள்... திடீரென்று சுழன்றன!

எண்பது மீட்டர் உயரம்.

கீழே வந்து விழுந்தது அஜின் இல்லை. அஜினின் உடல்!

* * *

மறுநாள் காலை பத்தரை.

காற்றாலைக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் கிளீட்டஸ். மூலையில் கைவிலங்கோடு ரெஜின். இருபத்தாறு வயது. நேற்று இந்த நாற்காலியில் டியூட்டி பார்த்தவன். அழுது அழுது கண்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

வாசலில் பைக் வந்து நின்றது.

"வந்தியாம்மா? இந்தக் கம்ப்யூட்டரை வச்சுக் குடுத்த ரிஸ்மா நீதானா?"

"ஆமா சார். இவரு எங்க மாப்பிள்ளை ரிஜ்வான். கோட்டார்ல ரெண்டு பேருமாத்தான் சர்வீஸ் கடை நடத்துதோம்."

அவள் கணவன் ரிஜ்வான் பையை மேஜையில் வைத்தான். ரெஜின் அவனை ஒரு நொடி பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார்.

"இங்க எந்தக் காத்தாடியை யாரு ஓட்டினாலும், நிறுத்தினாலும் இந்தப் பொட்டி எழுதி வச்சுருமாமே? படி."

ரிஸ்மா படித்தாள். ஒரே வரி. நேற்றைய தேதி. 11.42. ஐந்தாம் நம்பர். ஸ்டார்ட். ரெஜின்.

"இந்த ஒரு வரி போதும். பய ஆயுசுக்கும் உள்ளதான்!"

"அக்கா...!" ரெஜின் கதறினான். "நான் தொடல்லக்கா! ஏசுவாண சொல்லுதேன்... அது தானாச் சுத்திச்சு. நான் ஸ்டாப் பட்டனைத்தான் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். அது நிக்குததுக்குள்ள அவன் விழுந்துட்டான். அம்மை அங்க வாசல்லயே மயங்கிக் கிடக்கா..."

"ஏலே... வாயை மூடு!" என்ற கிளீட்டஸ் ரிஸ்மாவிடம் திரும்பினார். "கோர்ட்டுக்கு முழுப் பதிவும் வேணும். ஆனா பொட்டி புதுசா ஒரு எழுத்துகூட எழுத மாட்டேங்குது. 'அனுமதி இல்லை, அனுமதி இல்லை'ன்னு முரண்டு பிடிக்கு."

"வேகம் பண்ணும்மா!" மேனேஜர் யேசுதாசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒம்பது காத்தாடியும் நிக்கு. பதிவு இல்லாம ஒண்ணையும் ஓட்டப்பிடாதுன்னு மேல உத்தரவு."

ரிஸ்மா உட்கார்ந்தாள். விரல்கள் கீபோர்டில் ஓடின.

இரண்டே நிமிடம்.

அவள் முகம் வெளுத்தது!

தப்பு அவளுடையது. போன வியாழக்கிழமை பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். பதிவுகள் விழவேண்டிய ஃபோல்டரைத் தன் பெயரிலேயே உருவாக்கினாள். வேலை முடிந்ததும் அதில் எழுதுகிற உரிமையை, பதிவு எழுதும் சர்வர் புரோகிராமுக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன்னால் வீடு போய்ச் சேருகிற அவசரத்தில்... மறந்துவிட்டாள்!

ரிஜ்வானின் காதருகே குனிந்தாள்.

"மச்சான்... தப்பு எனக்க பக்கம்."

"அதுக்கு ஏன் கண்ணு கலங்குத? ஒரே கமாண்டு. ஃபோல்டரு, உள்ள கிடக்குற ஃபைலு, எல்லாத்தையும் மொத்தமா சர்வர் பேருக்கு மாத்திவிடு. ஒருத்தருக்கும் தெரியாண்டாம்."

தட்டினாள். கமாண்ட் திரையில் தயாராக நின்றது. எண்டர் மட்டும்தான் பாக்கி.

விரல் எண்டரை நோக்கி இறங்கியது...

"ஒரு சந்தேகம்மா!"

இன்ஸ்பெக்டர் காது குடைந்துகொண்டே கேட்டார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சும்மா கேக்கேன். இன்னிக்கு எழுத மாட்டேன்னு சொல்லுத பொட்டி... நேத்து மட்டும் எப்படி எழுதிச்சு?"

விரல் அந்தரத்தில் நின்றது.

உண்மைதானே!

வியாழக்கிழமையிலிருந்து சர்வரால் அந்த ஃபோல்டருக்குள் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. அப்படியானால்... நேற்றைய வரி?

"ராத்திரி கரண்டு போயிருக்கும் சார்," என்று முந்திக்கொண்டான் ரிஜ்வான். "கரண்டு போயிட்டு வந்தா இப்படித்தான் கோளாறு ஆவும்."

"எங்க கரண்டு போச்சு?" மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கே கரண்டு குடுக்குத இடம்ய்யா இது!"

"ஏட்டி, தட்டு! பேச்சு என்னத்துக்கு? கடையில வேலை கிடக்கு."

ரிஸ்மா தட்டவில்லை.

தட்டினால் தப்பு மறையும். கடையின் பெயர் பிழைக்கும். மூலையில் கிடக்கிற இந்தப் பையன்... பிழைக்க மாட்டான்!

"சார்..." எழுந்து நின்றாள். "நேத்தும் இது எழுதல்ல. வியாழக்கிழமையில இருந்தே எழுதல்ல. நான் செஞ்ச தப்பு."

"என்னது...?" மேனேஜர் குதித்தார். "ஆறு நாளாப் பதிவே இல்லாமலா எனக்க காத்தாடியெல்லாம் ஓடிச்சு? இனி இந்த ஆரல்வாய்மொழியில ஒரு கம்ப்யூட்டரையும் நீ தொட்டுர மாட்ட! பாத்துக்க!"

"நீரு கொஞ்சம் பைய இரும்." கிளீட்டஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்பம் இந்த வரி?"

"கையால எழுதி உள்ள போட்டது சார். சர்வர் எழுதினது இல்ல."

ரெஜின் தலையைத் தூக்கினான்.

"யாரு எழுதினது?"

"பாத்துரலாம் சார். எந்த ஃபைலை எடுத்தாலும் அதுக்கு உரிமைக்காரன் ஒருத்தன் உண்டு. எந்தப் பேருல நுழைஞ்சு எழுதினாவளோ, அந்தப் பேரு தானா அதுல விழுந்துரும். இப்பம் நான் இந்த எண்டரைத் தட்டியிருந்தா எல்லா ஃபைலும் சர்வர் பேருக்கு மாறியிருக்கும். எழுதினவன் பேரு... போனது போனதுதான்!"

"ரிஸ்மா!" ரிஜ்வானின் குரல் உயர்ந்தது. "நமக்கு எதுக்கு இந்தப் போலீசு வேலை?"

அவள் கமாண்டை அழித்தாள். வேறொன்று தட்டினாள்.

திரையில் ஒரு வரி வந்து நின்றது.

ஃபைல் பிறந்த நேரம்: நேற்று 11.58. அஜின் விழுந்து பதினாறு நிமிடம் கழித்து!

உரிமையாளர்...

ரிஸ்மா!



"அட பாவி மகளே..." என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதுவரை இருந்த 'அம்மா' இப்போது அவர் குரலில் இல்லை.

"உனக்க பேருல்லா இருக்கு? நேத்து பன்னிரண்டு மணிக்கு எங்க இருந்த? உண்மையைச் சொல்லு!"

"உங்க வீட்டுல சார்."

"என்னது...?"

"உங்க மகளுக்கு காலேஜ் அப்ளிகேஷன் போடக் கூப்பிட்டிருந்தாவ. பதினோரு மணிக்கு வந்தேன். ஒண்ணரை வரைக்கும் அங்கதான். மேடம் சாளை மீன்கறியும் சோறும் தராம விடல்ல."

கிளீட்டஸ் எச்சில் விழுங்கினார்.

"அதான் ராத்திரி எனக்கு வெறும் ரசம் ஊத்தினாளா..." என்று முனகியவர், சட்டென்று விறைத்தார். "சரி. இங்க வராம இந்தப் பொட்டிக்குள்ள நுழைய முடியுமா?"

"முடியும் சார். பழுது வந்தா கடையில இருந்தே பாக்குததுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். எனக்க லேப்டாப்புல."

"நேத்து லேப்டாப்பு எங்க இருந்துச்சு?"

"கடையில."

"கடையில யாரு இருந்தா?"



ரிஸ்மா மெதுவாகத் திரும்பினாள். நான்கு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதனின் முகத்தைப் பார்க்க அவளுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

"மச்சான்... நீங்க இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நம்புதேன்."

ரிஜ்வான் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

சிரித்தான். கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்தான்.

"எனக்க தம்பி உவைஸை நீ மறந்துட்டியாட்டி?"

"மச்சான்...!"

"பத்தொன்பது வயசு சார். ரெண்டு வருஷம் முன்னால திற்பரப்பு அருவியில குளிச்சுட்டு சைக்கிள்ல வந்தான். ஒரு ஜீப்பு அடிச்சு அறுபது அடி இழுத்துட்டுப் போச்சு. ஓட்டினது அஜின். முட்டக் குடிச்சிருந்தான். பக்கத்துல இருந்தது..." விரலை நீட்டினான். "இவன்! கோர்ட்டுல பைபிளைத் தொட்டுச் சொன்னான்... அடிச்சது ஏதோ லாரின்னு!"

எல்லோரும் ரெஜினைப் பார்த்தார்கள்.

"கூட்டுக்காரனைக் காட்டிக் குடுக்க மனசு வரல்ல..." ரெஜினின் குரல் தரையோடு கிடந்தது. "ஜீப்புதான். அஜின்தான் ஓட்டினான்."

"நேத்து சும்மாத்தான் லேப்டாப்பைத் திறந்தேன்," என்றான் ரிஜ்வான். "அஞ்சாம் நம்பர் நிறுத்தம். டியூட்டி லிஸ்ட்டுல பாத்தா, மேல ஏறினவன் அஜின். கண்ட்ரோல் ரூம்ல ரெஜின். ரெண்டு பேரு பேரும் ஒரே திரையில! ஸ்டார்ட்டைத் தட்டினேன். பதிவைப் பாத்தா... ஒண்ணுமே விழல்ல. எனக்க ராசின்னு நினைச்சேன். நானே ஒரு வரி எழுதினேன். ஒருத்தன் குழிக்குள்ள, இன்னொருத்தன் ஜெயிலுக்குள்ள..."

"அதுக்கு எனக்க பேருல நுழைஞ்சியளா?"

"அந்தப் பேருக்கு மட்டும்தாண்டி அங்க அனுமதி இருந்துச்சு."

ரெஜினின் கையிலிருந்து கழன்ற விலங்கு ரிஜ்வானின் கையில் ஏறியது.

ரெஜின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தான்.

"எங்கலே போற?" கிளீட்டஸ் அவன் தோளில் கை போட்டார். "நீயும் ஜீப்புல ஏறு. அந்த லாரியைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

வாசல்படியில் ரிஜ்வான் நின்றான்.

"ஒரே ஒரு எண்டர் ரிஸ்மா. தட்டியிருந்தா இன்னிக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருப்போம்."

"உக்காந்திருப்போம் மச்சான்... தொண்டையில இறங்கியிருக்காது."

ஜீப் உறுமியது.

ரிஸ்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வயர்களைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக இரண்டு போலீஸ்காரர்கள் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் யேசுதாசன் தொண்டையைக் கனைத்தார்.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டேன்... மனசுல வைக்காதம்மா. நாளைக்கு வேற மெஷின் வச்சுத் தந்துருவல்லா? காத்தாடியெல்லாம் நிக்கு..."

"நாளைக்கு நான் வர மாட்டேன் சார்."

"அப்பம் உனக்க அளவுக்கு இந்த வேலை தெரிஞ்ச ஆளு... வேற யாரு உண்டு?"

ரிஸ்மா பையைத் தோளில் மாட்டினாள். புழுதி கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பும் ஜீப்பைக் காட்டினாள்.

"என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆளு அந்தா போறாரு சார்... ஓடிப்போய்ப் பிடிங்க!"