காணாமல் போன துருவப் பனி

மதியச் சாப்பாடு முடிந்து திரும்பி வந்தபோது, செவ்வாயின் தலையில் பனி இல்லை.

சரிதா வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். அறிவியல் கண்காட்சிக்காக அவளும் ஹரீஷ்குமாரும் மூன்று வாரமாகச் செங்கல் தூளைக் குழைத்துப் பூசிச் செய்த கோள் அது. உச்சியில் ஒரு குழி வைத்து, அதில் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதுதான் துருவம்.

ஹரீஷின் அப்பா மருந்து கம்பெனி வேன் ஓட்டுபவர். தெர்மகோல் பெட்டியில் டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, கொண்டுவந்து, தடித்த கையுறை மாட்டி, அவரே இடுக்கியால் எடுத்து வைத்தார். "கையால தொட்டுடாதீங்க, தோலு வெந்துரும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இப்போது மூடி காலி. பக்கத்தில் கிங்ஸ்டன் உட்கார்ந்திருந்தான். அவனைத்தான் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவன் அப்பாவுக்குச் சிப்காட்டில் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"எங்கடா பனி?" என்றான் ஹரீஷ்.

"நான் எடுக்கல லே."

"'லே'யாம் லே!" பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

ஹரீஷ் மூடிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "உருகியிருந்தா தண்ணி இருக்கணும். ஒரு சொட்டு இல்ல. அப்புறம் எங்க போச்சு? பெங்களூர் பஸ் ஏறிடுச்சா? பையத் திறடா!"

கிங்ஸ்டன் பையை மடியோடு இறுக்கிக்கொண்டான்.

சரிதாவின் கண்ணும் ஒரு நொடி அந்தப் பையில் போய் நின்றது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. பார்வையைத் திருப்பினாள். சுவரில் அவள் எழுதிய அட்டை தொங்கியது.

'செவ்வாயின் துருவங்களில் குளிர்காலத்தில் காற்றே உறைந்து பனியாகப் படியும். கோடையில் அந்தப் பனி உருகாது. நேராகக் காற்றாகிவிடும்.'

புத்தகத்தைப் பார்த்து அவளே எழுதியதுதான். எழுதும்போது வரி கோணாமல் வருகிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"அவன் பையத் தொடாதீங்க" என்றாள்.

ஜன்னல்களைத் திறந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, தெர்மகோல் பெட்டிக்குள் இடுக்கியை விட்டாள். பாக்கு அளவில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது.

"ஏய், இருக்கிறதே அது ஒண்ணுதான்! நடுவருங்க வர்ற நேரம்!" என்று பதறினான் ஹரீஷ்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மேசையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் துண்டை வைத்தாள். "யாரும் பேசாதீங்க. பாருங்க."

பார்த்தார்கள். வெண்புகை தாளின் மேல் தவழ்ந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டு புளியங்கொட்டை அளவானது. பிறகு மிளகளவு. பிறகு எதுவுமே இல்லை.

ஹரீஷ் தாளைத் தடவிப் பார்த்தான். ஒரு எழுத்துகூட ஊறியிருக்கவில்லை.

அப்புறம் கிங்ஸ்டனிடம் மெல்லக் கேட்டான்: "இதை நீ சொல்லியிருக்கலாம்லடா?"

"சொன்னா நம்பியிருப்பியா லே?"

இந்த முறை அந்த 'லே'வுக்கு யாரும் சிரிக்கவில்லை. ஹரீஷ் தன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

ஆரோக்கியசெல்வி டீச்சர் நடுவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நடுவர் அம்மா செவ்வாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் அழகா இருக்கு. துருவத்துல பனியத்தான் காணோம்?" என்றார்.

பதில் சொல்ல வேண்டியவள் சரிதாதான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கிங்ஸ்டனை முன்னால் விட்டாள்.

"இவன்தான் மேடம் பாத்தான். இவனக் கேளுங்க."

கிங்ஸ்டன் காலிக் குழியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மொதல்ல ஓரம் சுருங்குச்சு மேடம்..." என்று ஆரம்பித்தான். சாப்பிடக்கூடப் போகாமல், செவ்வாயில் ஒரு முழுக் கோடையையும் பார்த்து முடித்தவனின் குரல் அது.