ஒரு மரக்கரண்டியும் நாற்பது நிமிடமும்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, மலைச்சாலையின் முப்பத்தோராவது கிலோமீட்டர் கல்லருகே பாறை சரிந்து பாதையை மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. மாலைக்குள் வழி விட்டுவிடுவோம் என்று சாலைத்துறை ஊழியர்கள் சொன்னார்கள்.

அந்தக் கல்லுக்குச் சற்று முன்னால், ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், மழையில் நனைந்தபடி ஒரு கார் ஒதுங்கியது. அதில் மூன்று பெண்கள். ஓட்டியவள் வக்கீல். பக்கத்தில் டீச்சர். பின் சீட்டில் இருந்தவளை மற்ற இருவரும் டப்பா என்று கூப்பிடுவார்கள். கல்லூரி முடித்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை மூவரும் ஊர் சுற்றக் கிளம்புவது வழக்கம். போகிற இடமெல்லாம் இரண்டு பேர் வகைவகையாக ருசி பார்ப்பார்கள். மூன்றாமவள் அதே மேசையில் தன் டப்பாவைத் திறந்து அவித்த முட்டையும் ரொட்டியும் தின்பாள்.

காரணம் வேர்க்கடலை. அதன் எண்ணெயில் ஒரு துளி பட்டால் போதும்... உதடு தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கப் பார்க்கும். பத்தொன்பது வயதில் ஒரு முறை அப்படி ஆகி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன் பிறகு பதினோரு வருடமாக அடுத்தவர் சமையலில் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

இன்று டப்பா இல்லை. முட்டை கெட்டுவிடக்கூடாது என்று விடுதி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். காலையில் டீச்சர் எடுத்திருப்பாள் என்று வக்கீல் நினைத்தாள். வக்கீல் எடுத்திருப்பாள் என்று டீச்சர் நினைத்தாள்.

"சாரிடி... தூக்கில போடு எங்கள," என்றாள் டீச்சர்.

"அப்பீல் பண்ணுவேன்," என்றாள் வக்கீல்.

டப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை ஒரு டம்ளர் பால் குடித்தது. அதோடு சரி.

கடைக்குள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதி லாரி ஓட்டுநர்கள். அவர்கள் தட்டுகளிலிருந்து எழுந்த மணம் வாசலிலேயே அவள் காலைக் கட்டிப்போட்டது. வறுத்த வேர்க்கடலை. கல்லாவில் இருந்த பெண்மணிக்குப் பின்னால் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது, கடலைப் பொடி தூவிய கோழி என்று.

அவள் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கல்லாவில் நீட்டினாள். தனக்கு எது ஆகாது, எது ஆகும், பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் அச்சடித்த அட்டை. அவள் வேலையே அதுதான். உணவுப் பொட்டலங்களுக்கு உறை அச்சடிக்கிற நிறுவனத்தில், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் பிழையில்லாமல் திருத்தித் தருவது.

அட்டையோடு சமையல்காரர் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புருவத்தில் மாவு. ஆனால் அந்தக் கண்கள்... அட்டையின் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தன. பெரும்பாலானவர்கள் இரண்டாவது வரியில் நிறுத்திவிடுவார்கள்.

"மேடம், உங்களுக்கு இங்க சாப்பாடு கிடையாது."

கடையே திரும்பிப் பார்த்தது.

"நான் ஒண்ணும் சும்மா கேக்கலையே," என்றாள் அவள். முகம் சூடாகியது. "முடியாதுன்னா மெதுவா சொல்லலாம்."

"ரோடு மூடிக் கிடக்கு. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்ட ஓடுவேன்? அதான் சத்தமா சொன்னேன். பாத்திரம் எடுத்துப் போடுற பையன் காதுலயும் விழணும்ல."

அவள் காருக்குத் திரும்பினாள். திமிர் பிடித்தவன்... என்று மனம் சொன்னது. ஆனால் அவன் சொன்னது சரி என்றும் அதே மனம் சொன்னது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கால் மணி நேரத்தில் கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மழையில் குடை இல்லாமல் அவன்தான் நின்றான். இமையில் நீர் சொட்டியது.

"அலர்ஜி வந்தா போடுற ஊசி வச்சிருக்கீங்களா?"

"ரெண்டு இருக்கு."

"உங்க ஃபிரண்டுக்குப் போடத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் வக்கீல். "ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகியிருக்கேன்."

"அப்ப ஒரு மணி நேரம் குடுங்க. கடலை ஐட்டம் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன். அடுப்பெல்லாம் அணைச்சாச்சு. புதுச் சட்டி ஒண்ணு பிரிக்காம இருக்கு. நீங்க உள்ள வந்து ஒவ்வொண்ணா பாருங்க. நீங்க சரின்னாதான் பத்த வைப்பேன்."

அவள் போனாள். வயிறு ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. சமையலறையில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. உப்புப் பொட்டலத்திலிருந்து எண்ணெய் டின் வரை ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். இரண்டை ஒதுக்கினாள். மிளகுத் தூளையும் ஒதுக்கினாள்.

"மிளகுல என்ன?"

"அதே மெஷின்ல கடலையும் அரைக்கிறாங்க. கீழ எழுதியிருக்கு பாருங்க."

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எறும்பு கூட கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்."

"அந்த எறும்பு எழுத்த நான்தான் திருத்துறேன்."

"ஓ... அப்ப கொஞ்சம் பெருசா போடச் சொல்லக்கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அடக்கிக்கொண்டாள். சாப்பிடுவதற்கு முன் சிரிப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

சோறு, வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு, முட்டை. அவ்வளவுதான். ஜன்னலோர மேசையில் ஆவி பறக்கத் தட்டு வந்தது. வெளியே மழை சன்னமாகிக் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. எதிரில் இரண்டு தோழிகள், மேசையில் ஊசி. உருளைக்கிழங்கின் மணம்... பதினோரு வருடம்... கரண்டியை உதடு வரை கொண்டுபோனாள்.

"நில்லுங்க! சாப்பிடாதீங்க!"

அவன் ஓடி வந்து தட்டை இழுத்துக்கொண்டான். அவன் கையில் ஒரு மரக்கரண்டி. நுனி கறுத்து, பிடி வழவழத்துப்போன பழைய கரண்டி.

"உருளைக்கிழங்க இதால கிளறிட்டேன்..." அவன் குரல் தேய்ந்தது. "எல்லாத்தையும் ரெண்டு தடவை கழுவினேன். இதையும்தான் கழுவினேன். ஆனா மரம் எண்ணெய விடாது. எட்டு வருஷமா கடலை கிளறுன கரண்டி. கை தானா எடுத்துடுச்சு. மேல மாட்டும்போதுதான் மண்டையில உறைச்சது."

அவளுக்கு உடம்பு சில்லிட்டது. அந்தக் கரண்டியை அவளும்தான் பார்த்தாள். சுவரில் தொங்கியது. எல்லா உறையையும் படித்தவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். அதன் மேல் எழுத்து எதுவும் இல்லையே...

கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் காதுமடல் சிவந்திருந்தது. தட்டை அப்படியே கொட்டிவிட்டு வந்து, "தப்பு என்னோடது. மறுபடி செய்யட்டுமா, வேணாமா? வேணாம்னா எனக்கு வருத்தமில்ல," என்றான்.

அவள் வாழ்க்கையில் அதிகம் கேட்ட சொல், ஒண்ணும் ஆகாது என்பது. சித்தி சொன்னாள். ஆபீசில் கேக் வெட்டியவர்கள் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாதும்மா என்று ஊட்டவே வந்தார்கள். அவள் எழுந்து போனதால் அந்தச் சம்பந்தம் நின்றது. இவன் ஒருவன்தான் ஆகும் என்று சொன்னவன். ஆகியிருக்கும் என்று ஓடி வந்தவன்.

"செய்யுங்க," என்றாள்.

இரண்டாவது தட்டை உலோகக் கரண்டியோடு கொண்டுவந்தான். அவள் சாப்பிட்டாள். முதல் வாய்... இரண்டாவது... தொண்டைக்குள் ஏதாவது நமைக்கிறதா என்று உடம்பெல்லாம் காதாகக் கவனித்தாள்.

"எவ்வளவு நேரத்துல தெரியும்?"

"எனக்கு நாப்பது நிமிஷத்துக்குள்ள."

அவன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்லப் பக்கத்து மேசைக்கு நகர்ந்தார்கள். வக்கீல் ஊசியோடுதான் நகர்ந்தாள்.

"நீங்க போய் வேலையப் பாருங்க. வெளியில எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். முன்னாடி ஒரு பெரிய ஹோட்டல்ல இருந்தேன். ஒருத்தர் கேட்டாரு, இதுல கடலை இருக்கான்னு. இல்லன்னேன். இருந்துச்சு. ஆளு பொழைச்சுட்டாரு. நான்தான் அங்க இருக்க முடியாம அக்கா கடைக்கு வந்துட்டேன்." அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். "பதினொரு நிமிஷம் ஆச்சு. எப்படி இருக்கு?"

"உப்பு கம்மி."

"நான் உடம்பக் கேட்டேன்."

"உடம்பு பரவால்ல... உப்புதான் கம்மி."

அவன் சிரித்தான். கண் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்தன. அவள் சட்டென்று ஜன்னலைப் பார்த்தாள். ஐயோ... நெஞ்சு படபடக்கிறதே. இது கடலையா, வேறு ஏதாவதா? தெரியாமல் பயந்து, நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அவனும் பயந்து பாதி எழுந்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல... உக்காருங்க."

நாற்பது நிமிடம் கடந்தது. டீச்சர் கை தட்டியதில் லாரிக்காரர்களும் தட்டினார்கள். அவள் கை கழுவப் பின்பக்கம் போனாள்.

அங்கேதான் அது காதில் விழுந்தது. கல்லாவில் இருந்த அக்கா, தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்திக்காக ரெண்டு மணி நேரம் அடுப்ப அணைச்சுட்ட. உன் முகத்துல இருக்கிறது எனக்குப் புரியாதுன்னு நினைக்காத. இப்படி ஒரு பொண்ண வீட்ல வச்சுக்கிட்டு யாருடா தினம் செத்துப் பொழைக்கிறது?"

அவன் என்ன சொன்னான் என்று கேட்க அவள் நிற்கவில்லை. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நேரே காரில் ஏறினாள். வழி திறந்துவிட்டதாக முன்னால் ஹாரன்கள் கேட்டன. "சொல்லிட்டுப் போலாம்டி," என்றாள் டீச்சர். "வேணாம்." கண்ணாடி வழியே, அவன் வாசல் வரை ஓடி வந்து மழையில் நிற்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மனதிலும் இதே கேள்விதான் இருந்திருக்கும். வார்த்தைதான் வேறு.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. அவள் எண் அட்டையிலேயே இருந்தது.

"உங்க கார்டு என்கிட்டயே இருந்துடுச்சு."

"என்கிட்ட நிறைய இருக்கு. வச்சுக்கோங்க."

"அன்னிக்கு சொல்லாம..."

"வேலை இருக்கு," என்று வைத்துவிட்டாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அவளோ தினமும் போனை எடுத்துப் பார்த்தாள். ஆபீசில் ஒரு பிஸ்கட் உறையில் 'கடலை' என்ற சொல்லைத் திருத்தாமலே விட்டு, மேலாளர் கூப்பிட்டுக் கேட்கும்படி ஆனது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது முதல் தவறு.

ஐந்தாவது வாரம், வக்கீலைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

"முப்பத்தோராவது கிலோமீட்டர் கல்லா?" என்றாள் வக்கீல். "டீச்சர் ஏற்கனவே பெட்ரோல் போட்டுட்டா."

கடை அப்படியேதான் இருந்தது. பலகையில் கடலைக் கோழி இருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். திரும்பிவிடலாமா... கல்லாவிலிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

அவள் தலையசைத்தாள்.

"அவன் சொன்ன பதில் விழுந்துச்சா?"

"இல்ல..."

"அதையும் கேட்டுட்டுல்ல போயிருக்கணும். வா, இப்படி வா."

பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்துக்கு அப்பால், புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். தனிக் கதவு. உள்ளே ஒரே ஒரு அடுப்பு, ஒரு சட்டி, நான்கு உலோகக் கரண்டிகள். மரத்தில் எதுவும் இல்லை. கதவில் அவள் அட்டை ஒட்டியிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில், கடலை தொட்ட கை உள்ளே வரக்கூடாது.

அவன் உள்ளே நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"எழுத்து பெருசா இருக்கா?" என்றான்.

"இருக்கு." தொண்டை அடைத்தது. இந்த அடைப்பு எது என்று இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. "அன்னிக்கு அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"தினம் பயப்படுறது எனக்குப் பழகிப்போச்சு, தனியா பயப்படுறதுதான் கஷ்டமா இருக்குன்னு சொன்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. என் கை திரும்பவும் தப்பா எதையாவது எடுக்கலாம்..."

"எடுத்தா ஓடி வந்து சொல்லுவீங்க."

"சொல்லுவேன்."

"அது போதும் எனக்கு." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "அந்த நாப்பது நிமிஷமும் நீங்க கடிகாரத்தையே பாத்தீங்க. நான் பாக்கல. நான் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அவன் நிமிர்ந்தான். வெளியே மறுபடி தூறல் விழுந்தது. கதவுக்கு வெளியிலிருந்து டீச்சர், "ஊசி என்கிட்ட இருக்குடி, நிதானமா பேசுங்க," என்றாள்.

அன்று அவள் சோறு, உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிட்டாள். உப்பு சரியாக இருந்தது. ஒன்று பத்துக்குச் சாப்பிட்டு முடித்தாள். ஒன்று ஐம்பது வரை அவனும் அக்காவும் தோழிகள் இருவரும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.